கான்டெஸாவா, ஐகானா?

திருவானைக்காவல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் வெள்ளை கான்டெஸா கிளாசிக், 1.8 ஜி.எல்.எக்ஸ், 1994 மாடல், நாலு லட்சத்து எண்பதாயிரம். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டில் நிற்கும் ஃபோர்டு ஐகான் 1.6, 2001 மாடல், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டில் எதை வாங்கலாம், எது ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும், எது பத்து வருஷம் கழித்து விலை ஏறும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குக் கான்டெஸா மேல் ஏன் இத்தனை ஆசை என்று எனக்குத் தெரியும். உன் அம்மா தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். 1999. தில்லை நகர் ஆஸ்பத்திரியிலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டி உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தது நம் கான்டெஸாவில்தான். பின் சீட்டில் உன் பாட்டி உன்னை மடியில் வைத்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாலம் முழுக்க மூன்றாவது கியரைத் தாண்டவில்லை நான். நான்கைந்து வயதில் நீ அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாய். அந்த வண்டிதான் உனக்கு வேண்டும். கோயம்புத்தூரில் இருப்பது அது இல்லை, கண்ணா. நிறம் மட்டும்தான் ஒன்று.

அந்த வண்டி என்ன ஆயிற்று என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். விற்றுவிட்டோம் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். இப்போது சொல்கிறேன்.

1998-ல் கரூரில் ஒரு ஜவுளிக்காரரிடம் வாங்கினேன். 1993 மாடல். பதினைந்து வருஷம் ஓட்டினேன். பழனி, வேளாங்கண்ணி, மெட்ராஸ் என்று போகாத இடமில்லை. 2013-ல் பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றேன். தினமும் வேலைக்குப் போகவேண்டிய அவசியம் போயிற்று. அப்போதுதான் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள்: கான்டெஸா இனி வராது, 2002-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், பத்திரமாக வைத்திருங்கள், பொன் மாதிரி விலை போகும் என்று. நானும் நம்பினேன். கழுவித் துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, பேட்டரி ஒயரைக் கழற்றி, கொட்டகையில் நிறுத்தினேன். ஐந்து வருஷம் தொடவில்லை.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து, 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இடிந்தது நினைவிருக்கும். அந்த வாரம்தான் தார்ப்பாயை எடுத்தேன். மேலே பார்க்கப் புது வண்டி மாதிரிதான் இருந்தது. டயர் மாற்றலாம் என்று ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். வண்டி எழும்பவில்லை. ஜாக்கி தகரத்துக்குள் போயிற்று. கீழே படுத்து டார்ச் அடித்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஓட்டை வழியாக மேலே மிதியடி தெரிந்தது. பெட்ரோல் டேங்கைத் தட்டினேன், உள்ளே துரு சரளைக்கல் மாதிரி உருண்டது. நம்முடையது காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவு. ஜம்புகேஸ்வரர் கருவறையிலேயே தண்ணீர் ஊறுகிற ஊர். அந்த மண்ணின் ஈரம் தார்ப்பாய்க்குள் ஏறி, வெளியே போக வழியில்லாமல் ஐந்து வருஷம் இரும்பைத் தின்றிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கொன்றது என் பேராசை. உதிரி பாகத்துக்காக ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். லாரியில் ஏற்றும்போது நான் வாசலுக்கு வரவில்லை.

அதனால் நான் சொல்வதை நீ கொஞ்சம் கூடுதலாகவே கேட்கவேண்டும்.

முதலில் விலை ஏறுவது பற்றி. பழைய வண்டி என்பதால் மட்டும் விலை ஏறாது. உலகத்தில் எது ஏறியிருக்கிறது என்று பார். 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் உலன்ஹாட் கூப்பே 13½ கோடி யூரோவுக்குப் போயிற்று. அந்த வண்டி உலகத்திலேயே இரண்டுதான். ஃபெராரி 250 ஜி.டி.ஓ மொத்தமே முப்பத்தாறு. அதில் ஒன்று 2018 ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலர் போனது. எண்ணிக்கை குறைவு, பந்தயப் பாரம்பரியம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற ரெக்கார்டு, இவை மூன்றும் சேர்ந்தால்தான் அந்த விலை. கான்டெஸா உத்தரபாரா தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வரிசையாக வந்துகொண்டிருந்த வண்டி. 1984-ல் வந்தபோது அதில் அம்பாசடரின் 1500 சி.சி. எஞ்சின்தான் இருந்தது. அந்தப் பெரிய உடம்பை இழுக்க அது திணறும். இசுசு 1.8 வந்த பிறகுதான் கான்டெஸாவுக்கு உயிர் வந்தது. ஏறத்தாழ எண்பத்தெட்டு குதிரைத்திறன், ஐந்து கியர். அன்றைக்கு ரோட்டில் வேறு எந்த உள்நாட்டு வண்டியும் அந்த மாதிரிப் போகாது. நல்ல நிலையில் இருக்கும் கான்டெஸாவுக்கு இன்று கேட்கிற விலை உண்மைதான். ஆனால் அது வண்டியை நல்ல நிலையில் வைத்திருந்தவன் போட்ட பணத்தின் விலை. அந்தப் பணத்தைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் எதுவும் நிற்பதில்லை.

அரசாங்கமும் கைகொடுக்காது. விண்டேஜ் வண்டி என்று தனிப் பதிவு, தனி நம்பர் கொடுக்க 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். ஐம்பது வருஷம் நிறைந்து, பழைய உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்குத்தான் அது பொருந்தும். முதல் கான்டெஸாவுக்கே 2034 ஆகவேண்டும். உன் 1994 மாடலுக்கு 2044. அப்படிக் கிடைத்தாலும் அதைத் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாம். அதுவரை சாதாரணப் பழைய வண்டிதான். பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷத்தைத் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. உன் இரண்டு வண்டியுமே இருபதைத் தாண்டியவை. இந்தச் செலவில் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்.

இனி ஓட்டுவது.

எங்கள் பட்டறையில் இருந்தவரின் ஐகான் 1.6-ஐ நான் நிறைய ஓட்டியிருக்கிறேன். திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை போகும் ரோடு உனக்குத் தெரியும். ஒரு பக்கம் காவேரிக் கரை, இன்னொரு பக்கம் வாழைத் தோட்டம், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும். அந்த ரோட்டில் இரண்டு வண்டியையும் ஓட்டியவன் நான். கான்டெஸாவில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நீளமான பானெட் முதலில் திரும்பும், உடம்பு ஒரு கணம் கழித்துச் சாய்ந்து வரும், பின் சக்கரம் தள்ளும். நேர் ரோட்டில் நாலாவது கியரில் விட்டால் வீட்டு ஊஞ்சல் மாதிரி இருக்கும். கரூர் ரோட்டில் அதற்கு ஈடில்லை. ஐகான் வேறு பிறவி. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பினால் இரண்டு விரல் அளவு மூக்கு திரும்பும். ஒரு வளைவு முடிந்து இரண்டாவது கியரில் காலை அழுத்தினால் அந்த ரோகேம் எஞ்சின் ஒரே மூச்சில் மேலே ஏறும். தொண்ணூறு சொச்சம் குதிரைத்திறன், எடையும் குறைவு. கிளிக்கூடு வளைவுகளில் அதை ஓட்டிக்கொண்டு போய்க் கல்லணையில் இறங்கினால் உடம்பில் ஒரு துடிப்பு இருக்கும். எனக்கு அப்போது ஐம்பது வயது. இறங்க மனசே வரவில்லை.

சின்ன வயதில் நான் சோழவரம் பந்தயத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதை. வெயிலில் மணலில் நின்று பார்ப்போம். அங்கே யாரும் வண்டியின் விலையைக் கேட்டதில்லை, எத்தனை செகண்டில் சுற்றினான் என்றுதான் கேட்பார்கள். பின்னால் கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை எடுத்துப் பந்தய வண்டி கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பேர். நாராயண் கார்த்திகேயன் அந்த மாதிரி வண்டிகளில் ஓட்டிப் பழகி 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். எஞ்சின் பெரிசா, பேர் பெரிசா என்பதைவிட, வண்டி ஓட்டுகிறவன் கைக்குப் பேசுகிறதா என்பதுதான் வேக வண்டிக்கு இலக்கணம். ஐகான் 1.6 பேசும். மறைமலை நகரில், உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், நம் ஊர்ப் பையன்கள் கையால் 1999-லிருந்து 2011 வரை வந்த வண்டி. அதை யாரும் கிளாசிக் என்று இன்னும் சொல்வதில்லை. அதனால்தான் ஒன்றரை லட்சத்துக்குள் கிடைக்கிறது.

உதிரி பாக விஷயத்தில் உன் கணக்கு தப்பு. கான்டெஸாவுக்கு எஞ்சின் பார்ட்ஸ் கிடைக்காது என்று பயந்திருக்கிறாய். கிடைக்கும். அதே இசுசு எஞ்சினை அம்பாசடர் 1800-லும் போட்டார்கள், அம்பாசடர் 2014 வரை வந்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் உன்னைக் கைவிடாது. கைவிடுவது முன் கண்ணாடி, பின் விளக்கு, கதவு ரப்பர், டேஷ்போர்டு. ஒரு லாரி தெறிக்கும் கல் உன் முன் கண்ணாடியை உடைத்தால் ஆறு மாதம் வண்டி நிற்கும். நின்றால் துரு. என் கதை உனக்குத் தெரியும். ஐகானில் தெர்மோஸ்டாட்டை மூடும் பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டுக் கூலன்ட் ஒழுகும், கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் போய்விடும். முன் சஸ்பென்ஷன் புஷ் தேயும். இவை இரண்டும் ஒரு சனிக்கிழமை வேலை. ஃபோர்டு கம்பெனி 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னாலும் பாகம் இன்னும் புழங்குகிறது.

பெட்ரோலையும் யோசி. இப்போது பங்கில் வருவதில் இருபது சதவீதம் எத்தனால். இரண்டு வண்டியுமே அதற்காகச் செய்தவை இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்கச் செய்யும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராக்கும். கார்புரேட்டர் வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் கிண்ணத்தில் பசை மாதிரிப் படிந்திருக்கும். ஐகானில் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை வாங்கினவுடனே மொத்தமாக மாற்றிவிட்டு, வாராவாரம் ஓட்டினால் தொல்லை குறைவு. இந்த வாராவாரம் என்ற வார்த்தையைத்தான் நான் கடிதம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

பொன்மலையில் நாங்கள் ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்திருக்கிறோம். அந்த வகை முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து நூறு வருஷத்துக்கு முன் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் சக்கரத்தைப் பிடித்து மலை ஏறவேண்டும். மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் அதை ரிப்பேர் செய்யத் தெரிந்தவன் ஒருவனும் இன்று இருக்க மாட்டான். தினமும் ஏறி இறங்கியதால் பாகம் தேய்ந்தது, தேய்ந்ததால் நாங்கள் செய்யக் கற்றுக்கொண்டோம், கடைசியில் 2011 முதல் புது எஞ்சின்களையே எங்கள் பட்டறையில் கட்டினார்கள். இரும்பு ஓடிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். உன் வண்டிக்கும் அதுதான்.

நீ இருப்பது வேளச்சேரி அடுக்குமாடி. உனக்கு ஒரே பார்க்கிங், அதுவும் திறந்தவெளி. நாலரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டியை அதில் விட்டு, கடல் காற்றிலும் கார்த்திகை மழையிலும் நனையவிட்டு, வேலை நாட்களில் மெட்ரோவில் போய்விட்டு, மாதம் ஒருமுறை எடுப்பாய். கான்டெஸாவை இங்கே நம் கொட்டகையில் விடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வேண்டாம். எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அதை வாரம் ஒருமுறை வெளியே எடுக்க என் முட்டியால் முடியாது. இன்னொரு கான்டெஸா அந்தக் கொட்டகையில் கரைவதைப் பார்க்க என் மனசாலும் முடியாது.

ஐகானை வாங்கு. என் முடிவு அதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே.

காலையில் ஏழு மணிக்குப் போ. முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று போனில் சொல்லிவிடு. பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அவர்கள் எதையோ மறைக்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கம் பார். வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, அப்படியே திரும்பி வந்துவிடு. ஓட்டும்போது இரண்டாவது கியரில் வேகம் ஏற்றி, சட்டென்று காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார். நீலப் புகை வந்தால் வால்வு சீல் போயிருக்கிறது.

பிறகு காந்தம். அத்தையின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் போதும். பெயிண்டில் கோடு விழாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொள். கதவின் அடி ஓரம், சக்கர வளைவு, டிக்கியின் அடித்தட்டு, பின் கண்ணாடிக்குக் கீழே என்று ஒவ்வொரு ஜாண் தூரத்திலும் வைத்துப் பார். தகரம் இருக்கும் இடத்தில் டக்கென்று பிடிக்கும். பட்டி போட்டுப் பூசியிருந்தால் காந்தம் வழுக்கி விழும். இரண்டு இடத்தில் விழுந்தால் விலையைக் குறைக்கச் சொல். ஆறு இடத்தில் விழுந்தால் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வா. தரை விரிப்பைத் தூக்கி மிதியடிக்குக் கீழே கை வைத்துப் பார்க்க மறக்காதே. நான் பார்க்காமல் விட்ட இடம் அது.

காகிதம் முக்கியம். 2001 வண்டிக்கு 2016-ல் ஒரு புதுப்பிப்பு, 2021-ல் ஒன்று, 2026-ல் ஒன்று. மூன்றும் ஆகியிருக்கிறதா என்று பார். நீ அனுப்பிய படத்தில் ஆர்.சி.யின் ஒரு பக்கம்தான் தெரிகிறது. கடன் ரத்தானதற்குப் பதிவு இருக்கிறதா, சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடு. ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடு. எழுத்துக்கள் ஏறி இறங்கி இருந்தால், பணத்தைப் பையிலிருந்து எடுக்காதே.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டால் ஒன்று இருபதிலிருந்து ஆரம்பி. கையில் ஒரு அறுபதாயிரம் தனியாக வைத்துக்கொள்: டயர், பேட்டரி, பெட்ரோல் குழாய், புஷ், கூலன்ட் கூடு, பிரேக். அதற்குப் பிறகும் கான்டெஸாவுக்குக் கொடுக்க இருந்ததில் பெரும்பகுதி உன்னிடம் மிச்சம். அதை பேங்கில் போடு, உன் அம்மாவுக்கு அடுத்த வருஷம் கண் ஆபரேஷன் இருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரரிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. வரும் சனிக்கிழமை ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் ஏறு, காலையில் நான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நிற்கிறேன். பாலக்கரை மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் தஞ்சாவூர் போய்ப் பார்ப்போம். வண்டி சரியாக இருந்தால் திரும்பும்போது கல்லணை வழியாக நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

அன்புடன்,
மாமா